வெத்துக்குழியில் நிலப்பனை

எங்க மதினி ஒரு எடத்துல உக்காந்து நான் பாத்ததில்ல. சோறு திங்கிறதுகூட நின்னுக்கிட்டுத்தான். கும்பாவைக் கையில ஏந்திக்கிட்டு அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்துக்கிட்டே திங்கும். "உக்காந்து தின்னா ஒடம்புல ஒட்டாதா மதினி?"ன்னு கேட்டா, "நீ உக்காந்துதான திங்கிற, எங்கன ஒட்டியிருக்கு காமி"ன்னு சொல்லும். நான் அப்ப ஈர்க்குச்சி கணக்கா இருப்பேன்.

எங்கண்ணன் பொண்டாட்டி அது. நான் அதுக்கு நாத்தனா. நாத்தனான்னா குத்தம் கண்டுபிடிக்க உரிமை உண்டு, அதை நான் ஒருநாளும் விட்டுக்குடுத்ததில்ல. ஆனா வெளியாளு யாராச்சும் மதினியைப் பத்தி ஒத்தச் சொல்லு சொன்னா அன்னைக்கு அவுக பாடு அவ்வளவுதான். இப்பவும் அப்படித்தான். பேரைச் சொல்ல மாட்டேன். மதினின்னே சொல்லிப் பழகிட்டேன், அதுவே இருக்கட்டும்.

அதுக்கு எதையும் தெறந்து பாத்தாகணும். ஒலை கொதிச்சிருச்சான்னு மூடியைத் தெறக்கும், வெறகைத் தள்ளும், திரும்பவும் மூடியைத் தெறக்கும். அடைக்கு வச்ச கோழியைத் தூக்கிவிட்டுட்டு முட்டையைக் காதுல வச்சுக் கேக்கும். அந்த வருசம் எங்க வீட்டுல ஒரு குஞ்சுகூடப் பொரிக்கல. அந்தக் கோழி வெறுத்துப்போயி பக்கத்து வீட்டு வைக்கப்படப்புல முட்டை போட ஆரம்பிச்சிருச்சு. எங்காத்தா தலையில அடிச்சுக்கிட்டு, "உள்ள என்ன நடக்குதுன்னு கோழிக்கே தெரியாதுடி, ஒனக்கெதுக்கு?"ன்னு கேட்டா. "தெரியாம எப்படித்தே இருக்கறது?"ன்னு மதினி கேட்டுச்சு. எகத்தாளமாக் கேக்கல, நெசமாத்தான் கேட்டுச்சு.

சொரை வெதையை ஊனுனா மறுநாள் தோண்டிப் பாக்கும். மொளை விட்டுருந்தா அதை ஒள்ளங்கையில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் காமிச்சுட்டு வந்து திரும்பப் பொதைக்கும். அது எப்படிப் பொழைக்கும்? எங்க வீட்டுக்குச் சொரைக்கா எப்பவும் அடுத்த வீட்டுல இருந்துதான் வந்துச்சு.

எங்க ஊரு சின்னமனூருக்கு மேக்க, மலையை ஒட்டுன ஊரு. பூரா வேதக்காரக் குடிக. ஓலை வேஞ்ச கோயிலு, அதுக்கு முன்னால ஒரு கல்லுக் குருசு, பின்னால கல்லறைக்காடு. பங்குச் சாமியாரு எப்பவாச்சும் குதிரையில வருவாரு. மத்த நாளெல்லாம் உபதேசியார்தான் எல்லாம். செபம் சொல்லிக் குடுக்கறது, கல்யாணம் பேசி முடிக்கிறது, குழி வெட்ட எடம் காட்டுறது அத்தனையும் அவுகதான். நல்ல மனுசன். வாய் மட்டும் கொஞ்சம் துடுக்கு.

அப்ப மலைக்கு மேல பேரியாத்துல அணை கட்டிக்கிட்டிருந்தாக. எங்க பள்ளத்தாக்குல கைகால் நல்லாருந்த ஆம்பளைக பாதிப்பேரு அங்கனதான் கெடந்தாக. கம்பம், கூடலூரு தாண்டி குமுளி ஏறிப் போகணும். எங்கண்ணனுக்குச் சுண்ணாம்புக் காளவாசல்ல வேலை. கோடை நெருங்குனா மலையில காய்ச்சல் கண்டுரும். வேலையை நிப்பாட்டி ஆளுகளைக் கீழ எறக்கிருவாக. மழை விழுந்த பெறகு திரும்பக் கூப்புடுவாக. கல்யாணம் ஆனதுல இருந்து மதினி அண்ணனோட இருந்த நாளைவிட வண்டிப்பாதையைப் பாத்துக்கிட்டு நின்ன நாளுதான் அதிகம்.

ஒரு ஐப்பசியில கல்லறைத் திருநாளுக்கு உத்தரவு வாங்கிக்கிட்டு அண்ணன் வந்துச்சு. கையில தேக்கெலைப் பொட்டலம். பலகாரம்னு நான் ஓடிப்போயி வாங்குனேன். பிரிச்சா உள்ள நிலப்பனை, மண்ணும் வேருமா.

"இதைச் சொமந்துக்கிட்டா மலையெறங்கி வந்த? நம்ம கரட்டு மேட்டுல ஆடு மிதிச்சுக் கெடக்குதேண்ணே"ன்னேன்.

"அங்கன தொரை பங்களா வாசல்ல வழிக்கு ரெண்டு பக்கமும் இதைத்தான் வரிசையா வச்சிருக்காக. பாக்க அம்புட்டு அழகா இருக்கு புள்ள. நம்ம குருசடிக்கும் அப்படி வைக்கலாம்னு தோணுச்சு"ன்னு அண்ணன் சொல்லுச்சு.

நிலப்பனை எங்களுக்குப் புதுசில்ல. கிழங்கைத் தோண்டிக் காயவச்சுப் பால்ல போட்டுக் குடிப்பாக. ஒரு சாண் ஒசரந்தான் வரும், புல்லு மாதிரிக் கொத்தா. ஆனா எலையைத் தொட்டுப் பாத்தா பனங்கன்னு கணக்கா மடிப்பு மடிப்பா இருக்கும். பூவு மண்ணுல ஒட்டிக்கிட்டு மஞ்சளாப் பூக்கும், ஆறு எதழு. குனிஞ்சாத்தான் தெரியும். அதைத் தோட்டத்துச் செடியா வைக்கலாம்னு எங்க யாருக்கும் தோணுனதில்ல.

அண்ணன் ஒரு கொத்தை மட்டும் கெணத்தடியில தன் கையால நட்டுச்சு. மிச்சத்தை மதினி குருசைச் சுத்தி வச்சுச்சு. வச்சதோட விட்டுச்சா? மேக்க வெயில் அடிக்குதுன்னு கெழக்க மாத்தும். கெழக்க ஆளு மிதிக்கிறாகன்னு தெக்க மாத்தும். உபதேசியார் ஒருநாள் கோயில் வாசல்ல நின்னு சொன்னாக: "ஏத்தா, குருசு ஒரு எடத்துல நிக்கிது. அதைச் சுத்தி வச்ச செடி தெனம் ஊர்வலம் போகுது. அதை எப்ப எறக்கி வைக்கப்போற?" ஊரே சிரிச்சுச்சு. மதினியும் சிரிச்சுக்கிட்டே தெக்க இருந்ததைப் புடுங்கி வடக்க வச்சுச்சு. ஒண்ணும் பொழைக்கல. கெணத்தடியில அண்ணன் நட்டது மட்டும் நின்னுச்சு. அதைத் தொட்டா அண்ணன் கோவிச்சுக்குவாகன்னு விட்டு வச்சிருந்துச்சு.

அண்ணன் திரும்ப மலைக்குப் போச்சு. பங்குனிக் கடைசியில ஆளுக எறங்கி வந்தாக. எங்கண்ணன் வரல.

கூட வேலை பாத்தவுகளைக் கேட்டோம். காய்ச்சலா இருந்தாரு, காய்ச்சல் கொட்டகையில படுத்திருந்தாரு, பெறகு பாக்கலைன்னாக. ஒருத்தரு செத்துட்டாருன்னாரு, ஒருத்தரு இல்ல இருக்காருன்னாரு. ரெண்டு பேருமே கண்ணால பாக்கல. மதினி வெடியக்காலம் வண்டிப்பாதைக்குப் போயிரும். கூடலூருப் பக்கமிருந்து வர்ற ஒவ்வொரு வண்டியையும் மறிச்சு, "எங்க வீட்டுக்காரரைப் பாத்தீகளா? இடது புருவத்துல தழும்பு இருக்கும்"னு கேக்கும். வண்டிக்காரவுக பாதையை மாத்திப் போக ஆரம்பிச்சாக. அது அந்தப் பாதைக்கும் போச்சு.

அந்த நேரம் பாத்து கெணத்தடி நிலப்பனை காஞ்சுபோச்சு.

கோடையில நிலப்பனை காயத்தான் செய்யும். மேல எலையெல்லாம் கருகி எடமே தெரியாமப் போயிரும். கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கும். மழை விழுந்தா வெளிய வரும். ஆடு மேய்க்கிற புள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மதினிக்கும் தெரியும். ஆனா அந்தச் செடியையும் அண்ணனையும் அது மனசுக்குள்ள முடிச்சுப் போட்டிருச்சு. இது உசுரோட இருந்தா அவரும் இருக்காரு. அவ்வளவுதான். யாரு சொல்லியும் அந்த முடிச்சை அவுக்க முடியல.

ஒருநாள் அது மண்ணைப் பறிச்சுக் கிழங்கை வெளிய எடுத்து நகத்தால சொரண்டிக்கிட்டிருந்துச்சு. கருப்புத் தோலு, உள்ள வெள்ளையா கொழகொழன்னு. "பாரு புள்ள, உசுரு இருக்கு"ன்னு என்கிட்ட காமிச்சுச்சு. மொகமெல்லாம் சிரிப்பு. மறுநாளும் சொரண்டுச்சு. அதுக்கு மறுநாளும்.

"விட்டுத் தொலையேன் மதினி. மழை விழுந்தாத் தானா வரும்"னேன்.

"வரும்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"வருசா வருசம் வரலையா?"

"இந்த வருசம்?"

எங்கண்ணன் எனக்கும் அண்ணந்தான. நானும் ஒருநாள் யாருக்கும் தெரியாம அந்தக் கிழங்கைத் தோண்டிப் பாத்தேன், வெள்ளையா இருந்துச்சு, அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்புட்டேன். ஆக மதினியை மட்டும் சொல்லிக் குத்தமில்ல.

ஆனி பொறந்து சாரல் விழுந்துச்சு. கரடு பூரா நிலப்பனை தலைகாட்டுச்சு. கெணத்தடியில மண்ணு மண்ணாவே கெடந்துச்சு. மதினி தோண்டுச்சு. உள்ள கருப்பாக் கூழு மாதிரி அழுகிக் கெடந்துச்சு. நகம் பட்ட காயத்துல தண்ணி எறங்கி அழுகியிருக்கு. உசுரு இருக்கா இருக்கான்னு பாத்துப் பாத்தே கொன்னுருச்சு. நான் அதைச் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். அது காதுல விழல. கையைக் கழுவிட்டு நேரா எங்காத்தாகிட்ட போயி, "குழி போட்டுருவோம் அத்தே"ன்னு சொல்லுச்சு. தாலியை அதுவே கழட்டி மாதா படத்துக்கு முன்னால வச்சுச்சு. ஆத்தா போட்ட சத்தத்துக்கு ஊரே கூடிருச்சு. மதினி அழல.

வெளியூர்ல செத்து ஒடம்பு வந்து சேரலைன்னா எங்க ஊர்ல வெத்துக்குழி போடுவோம். செத்தவுக உடுத்துன துணி ஒண்ணை உள்ள வச்சு, மண்ணைக் கூட்டி, சிலுவை நட்டு, செபம் சொல்லி முடிப்போம். அவுக படுத்துக் கெடக்குற எடத்துல இருந்து ஒரு கை மண்ணு கொண்டாந்து மேல போட்டாத்தான் அந்தக் குழி முழுசாகும். பெரும்பாலும் யாரும் போயி எடுத்தாறதில்ல. முடியாது. உபதேசியார் தீர்த்தம் தெளிச்சு அதோட விட்டுருவாக. எங்கண்ணனோட வேட்டியை வச்சுக் குழி போட்டோம். உபதேசியார் தீர்த்தத்தோட முடிக்கப் பாத்தாக. மதினி, "மண்ணு நான் எடுத்தாறேன்"னுச்சு.

ஒத்தப் பொம்பளை மலைக்கா போறதுன்னு ஆத்தா மறிச்சா. உபதேசியாரும் மறிச்சாக. அப்ப மலையில வேலை திரும்ப ஆரம்பிச்சு, கல்லு சொமக்கப் பொம்பளையாளுகளும் போயிக்கிட்டிருந்தாக. அவுகளோட சேந்து மதினி கெளம்பிருச்சு. அது கெளம்பணும்னு நெனச்சா மறிக்கிற ஆளு இன்னும் பொறக்கல.

மதினி குமுளி வழியா ஏறுச்சு. எங்கண்ணன் கம்பம்மெட்டு வழியா எறங்குச்சு.

ஆமா. நெசமாத்தான். நான் வாசல் கூட்டிக்கிட்டிருந்தேன். எலும்பும் தோலுமா, மொட்டைத் தலையோட ஒரு ஆளு வந்து நின்னுச்சு. புருவத்துத் தழும்பைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. வெளக்கமாத்தைப் போட்டுட்டு நான் பேய்னு நெனச்சு உள்ள ஓடிட்டேன். பெறகு ஓடியாந்து கட்டிப்புடிச்சு அழுதேன். காய்ச்சல்ல நெனவு தப்பிக் கெடந்ததை மலையாளத்து வண்டிக்காரரு ஒருத்தரு தூக்கிப்போயி தன் வீட்டுல வச்சுக் கஞ்சி ஊத்தியிருக்காரு. எந்திரிச்சு நடக்க இம்புட்டு நாளாயிருக்கு.

"எங்க அவ?"ன்னு அண்ணன் கேட்டுச்சு.

"ஒன்னையப் பொதைக்க மண்ணு எடுக்கப் போயிருக்கு"ன்னேன். வேற எப்படிச் சொல்ல?

அண்ணன் கல்லறைக்காட்டுக்குப் போயி தன் குழியைப் பாத்துட்டு வந்து, "என் நல்ல வேட்டியைத்தானா வைக்கணும், பழசு ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்டுச்சு. சிரிக்கிறதா அழுறதான்னு ஆத்தாவுக்கு வெளங்கல.

மதினி வந்த அன்னைக்கு அண்ணன் கெணத்தடியில குளிச்சுக்கிட்டிருந்துச்சு. மதினி முந்தானையில மண்ணைக் கட்டி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்துச்சு. முடிச்சுக்கு மேல பச்சையா நிலப்பனை எலை நீட்டிக்கிட்டிருந்துச்சு, ஒரு மஞ்சப் பூவோட. காய்ச்சல்ல செத்தவுகளைப் பொதைச்ச சரிவுல ஒரு கங்காணி கூட்டிப்போயிக் காமிச்சாராம். "கீழ்நாட்டு ஆளு, கழுத்துல சிலுவை போட்டவரு, சுண்ணாம்புல வேலை பாத்தவரு, இதுதான்"னாராம். அந்தக் குழி மேலயே நிலப்பனை மொளச்சிருந்துச்சாம். அவருதான்னு மதினிக்கு அதுல உறுதியாயிருச்சு.

அண்ணனைப் பாத்துச்சு. கிட்டப் போயி புருவத்துத் தழும்பை வெரலால தடவிப் பாத்துச்சு. நாங்க எல்லாரும் அழுதுக்கிட்டு நிக்கிறோம். அது முந்தானையைப் பாத்துட்டு, "அப்ப இது யாரு?"ன்னுச்சு.

புருசன் உசுரோட வந்து நிக்கும்போது கேக்குற கேள்வியா அது? எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "யாரா இருந்தா என்ன, ஆத்துல போட்டுட்டு வா"ன்னேன். மதினி கேக்கல. பொழுது சாயிறதுக்குள்ள அந்த மண்ணை வெத்துக்குழி மேல போட்டு நிலப்பனையை நடுவுல வச்சிருச்சு. உசுரோட இருக்கற ஆளுக்குக் குழி இருக்கப்படாது, மட்டப்படுத்துங்கன்னு உபதேசியார் மம்பட்டியோட வந்தாக. "இப்ப இது வேற ஆளுக்குழி. அவருக்குச் சொல்ல வேண்டிய செபத்தைச் சொல்லுங்க"ன்னு மதினி சொல்லுச்சு. பேரு என்னன்னு சொல்லிச் செபிக்கன்னு அவுக கேட்டாக. "விசாரிச்சுச் சொல்றேன்"னுச்சு.

விசாரிச்சுச்சு. மலையடிவாரத்துல ஒரு வேதக்கார ஊரு பாக்கி இல்ல. கூலிக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் பெரியகுளத்துக்குத் தேர் பாக்கப் போனாலும் இதே கேள்விதான். "உங்க ஊர்ல பேரியாத்துக்குப் போயித் திரும்பாதவுக உண்டா? சுண்ணாம்புல வேலை பாத்தவுக?" ஒவ்வொரு ஊர்லயும் உண்டு. அதுதான் சங்கடம். எந்த ஊர்லயும் இல்லைன்னு சொல்லல. இத்தனைக்கும் நடுவுல அந்தக் குழியில இருந்த செடியை மட்டும் அது தோண்டவே இல்ல. நிலப்பனை எலை நுனி மண்ணுல பட்டா அங்கன ஒரு குட்டி வேர்விடும். அப்படியே படந்து குழி பூரா புடிச்சுக்கிச்சு.

அடுத்த கல்லறைத் திருநாளுக்குக் கெங்குவார்பட்டியில இருந்து ஒரு அம்மா வந்தாக. நரைச்ச தலை. கையில ஒரு மெழுகுதிரி. "இங்கன சுண்ணாம்புல வேலை பாத்த ஆளு மண்ணு இருக்காமே. எங்க அவுகளும் போயித் திரும்பல. இது அவுகளா?"ன்னு கேட்டாக.

எத்தனையோ ஊரு அலஞ்சு ஒரு அடையாளமும் கெடைக்கல. மதினிக்கு அந்த அம்மாவை முன்னப்பின்னத் தெரியாது. அவுக புருசன் குட்டையா நெட்டையான்னுகூடக் கேக்கல. "ஆமா. அவுகதான். சரிவுல, கெழக்கப் பாத்துப் படுக்கவச்சிருந்தாக"ன்னு சொல்லிருச்சு.

அந்த அம்மா குழியோரத்துல உக்காந்து மண்ணைத் தடவித் தடவி அழுதாக. மூச்சு விட்டு அழுதாக. எத்தனை நாளா அடக்கி வச்சிருந்தாகளோ. போகும்போது மதினி ஒரு கொத்து நிலப்பனையைப் பேத்து எலையில சுத்திக் குடுத்துச்சு. வீட்டு வாசல்ல வைங்கன்னு சொல்லுச்சு.

கல்லறையில நின்னுக்கிட்டுப் பொய்யி. வீட்டுக்கு வந்ததும் புடிச்சுக்கிட்டேன். "நம்மளும் குழி போட்டு ஒப்பாரி வச்சோம். அண்ணன் வந்து நின்னுச்சு. நாளைக்கு அந்த அம்மா புருசனும் வந்து நின்னா என்ன செய்வ?"

"வந்து நின்னா நல்லதுதான புள்ள. ரெண்டு பேருமா வந்து என்னையத் திட்டிட்டுப் போகட்டும்"னுச்சு.

"இதே மண்ணை வேற ஒருத்தி வந்து கேட்டா?"

"அவளுக்கும் ஆமான்னுதான் சொல்லுவேன். செடி காஞ்சு கெடந்தப்ப நான் பட்டதை நீ பாத்தேல்ல. செத்துட்டாருன்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான் நான் தூங்குனேன். அந்தத் தூக்கத்தை ஒருத்தி கேட்டு வாரா, நான் இல்லைன்னு சொல்லவா?"

எனக்கு அது சரின்னு படல. உபதேசியார்கிட்ட சொல்லி வைக்கணும்னுகூட நெனச்சேன். ஆனா போகல. அடுத்த வருசம் வேற ஊர்ல இருந்து ஒருத்தரு வந்து, மதினி ஆமான்னு சொன்னதும் உபதேசியாருக்கே தெரிஞ்சுபோச்சு. "ஏத்தா, ஒரு குழிக்கு எத்தனை பேரு?"ன்னு கேட்டாக. மதினி, "நீங்க செபத்தைச் சொல்லுங்க, பேரை ஆண்டவரு போட்டுக்குவாரு"ன்னுச்சு. அவுக குனிஞ்சு செடியைப் பாத்தாக. பெறகு செபப் பொத்தகத்தைத் தெறந்தாக.

கடைசியா ஒண்ணு சொல்றேன். ஒரு மாசி மாசம், திருநாளும் இல்ல ஒண்ணும் இல்ல, நடுப்பகல்ல ஒருத்தி வந்தா. என் வயசு இருக்கும். வெத்துக்காலோட நடந்து வந்திருந்தா, இடுப்புல கைக்கொழந்தை. மதினி அன்னைக்கு எங்க போயித் தொலஞ்சுச்சோ, சின்னமனூரோ கம்பமோ. கல்லறைக்காட்டுல நான் மட்டுந்தான் இருந்தேன். மாசியில்லையா, நிலப்பனை பூராக் காஞ்சு மேல ஒண்ணுமில்ல.

"பேரியாத்து ஆளு மண்ணு இங்கனதான் இருக்குன்னாக. எங்க வீட்டுக்காரரான்னு யாரைக் கேக்கணும்?"னா.

எங்க மதினியைக் கேக்கணும், அது வீட்டுல இல்ல, இன்னொரு நாளைக்கு வான்னு சொல்லத்தான் வாயைத் தெறந்தேன். சத்தியமாச் சொல்றேன், அதைச் சொல்லத்தான் தெறந்தேன். அவ கண்ணு என் வாயையே பாத்துக்கிட்டிருந்துச்சு. தாலி கழுத்துல கெடந்துச்சு, அதை ஒரு கை இறுக்கிப் புடிச்சிருந்துச்சு.

"ஆமாத்தா. இங்கனதான்"னேன்.

அவ கொழந்தையை என் கையில குடுத்துட்டு மண்ணுல உக்காந்தா. ரொம்ப நேரங்கழிச்சுத் தலையைத் தூக்கி, "கண்ணு மூடியிருந்துச்சாமா?"ன்னு கேட்டா.

"மூடியிருந்துச்சாம். எங்க மதினி பாத்துச்சு"ன்னேன்.